எதைப் போல வலிக்கிறது?

உப்பூரணியில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்ற ஊர்களைப் போல நாங்கள் முதலில் சுக்கு தட்டுவதில்லை, நெற்றிக்குப் பற்றுப் போடுவதில்லை, உட்கார்ந்து உவமை தேடுவோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் பழக்கத்தை எங்களுக்கு உண்டாக்கிவிட்டுப் போனவர் டாக்டர் அருமைநாயகம். உப்பளத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில், சாக்குத் தைக்கிற கொட்டகைக்கு எதிரே, பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்பாதியில் ஆஸ்பத்திரியும் பின்பாதியில் குடித்தனமுமாக அவர் இருந்த காலத்தில், நாக்கை நீட்டச் சொல்வதற்கும் முன்னால், கையைப் பிடித்து நாடி பார்ப்பதற்கும் முன்னால், வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். வலிக்கிறது என்றால் அவருக்குப் போதாது, ரொம்ப வலிக்கிறது என்றாலும் போதாது, உயிர் போகிறது என்று ஒருவர் தரையில் விழுந்து உருண்டாலும், உருண்டு முடிக்கிறவரைக்கும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "சரி, எதைப் போல வலிக்குது?" என்றுதான் கேட்பார்.

ஆகவே அவருடைய வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் மழையைப் பற்றியோ உப்பு விலையைப் பற்றியோ பேசிக்கொள்ளவில்லை. "வயித்துக்குள்ள ஈரச் சாக்கைப் பிழியுத மாதிரின்னு சொல்லலாமா?" என்று ஒருத்தி கேட்பாள். "அதைப் போன வாரமே எங்க மதினி சொல்லிட்டா, வேற யோசி" என்பாள் பக்கத்தில் இருப்பவள். இரவல் உவமையோடு உள்ளே போனால் அவர் கண்டுபிடித்துவிடுவார், "இது அடுத்த வீட்டு வலி, உன் வலியைச் சொல்லு" என்று பெஞ்சுக்கே திருப்பி அனுப்புவார். எங்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க வலி எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துபோகும், தெரிந்துபோன வலி கொஞ்சம் வெட்கப்பட்டு அடங்கும். "நோய் வேற, வலி வேற" என்பார் டாக்டர். "நோயை மருந்து பார்த்துக்கும். வலிக்கு ஒரு ஆள் வேணும்." அந்த ஆள் தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் கதை எழுதுகிறவர் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. பக்கத்து நகரத்திலிருந்து ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மாத இதழ் என்று அட்டையில் போட்டிருக்கும், எந்த மாதம் என்பதை ஆசிரியர் கடவுளிடம் விட்டிருந்தார். அதில்தான் டாக்டர் எழுதினார். அவர் கையெழுத்து சாட்சாத் டாக்டர் கையெழுத்து, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பூமியில் இரண்டே பேர், மருந்துக்கடைக்காரரும் டாக்டரின் மனைவி பரிபூரணமும். எந்தக் கதையானாலும் ஒரு புதன்கிழமை முடித்து மேசைமேல் வைப்பார். வியாழக்கிழமை அவர் மத்தியானமே ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு, மருந்துப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, வேலையை விட்டு வர முடியாத ஜனங்களைப் பார்க்க உப்பளங்களுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது, பரிபூரணம் அந்தக் கதையை முத்து முத்தாகப் பிரதி எடுத்து, உறையில் போட்டு, பசை தடவி வைத்திருப்பாள்.

பரிபூரணத்தைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. அவள் யாரோடும் வாசலில் நின்று பேசமாட்டாள், பிள்ளையில்லாதவள் என்பதால் சீமந்தத்துக்குக் கூப்பிட யோசிப்பார்கள், கூப்பிட்டாலும் வரமாட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் பச்சைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்றால் தலை வெடிக்கிறது என்று யார் வந்து தட்டினாலும் திறக்கமாட்டாள். "சாப்பிட்டுப் படுத்தாவன்னா பொழுதடைஞ்சாத்தான் எந்திரிப்பாவ, நமக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?" என்று உப்பு வாருகிற சந்தணமாரி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சந்தணமாரி சொன்னால் உப்பூரணியில் அது கல்வெட்டு.

வில்லாயுதம் சங்கதி இப்படியிருக்கும்போதுதான் நடந்தது. உப்பு மூட்டை ஏற்றுகிற வேலை அவனுக்கு. லாரி பின்னால் வந்ததைப் பார்க்காமல் நின்று, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டான். காயம் ஆறி, கட்டையை ஊன்றி நடக்கவும் பழகிய பிறகு, இல்லாத காலின் பெருவிரலில் அவனுக்கு வலி வந்தது. "டாக்டரே, எங்காலை எந்த இடத்துல புதைச்சாவன்னு மட்டும் சொல்லுங்க, நான் போய்ப் பார்த்துட்டு வாரேன். எவனோ அதை மிதிச்சுக்கிட்டு நிக்கான்" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. எதைப் போல என்று கேட்டார். பெஞ்சுக்குப் போவதும் வருவதுமாகப் பலமுறை அலைந்து, கடைசியில் வில்லாயுதம் சொன்னான்: "சின்னப் பிள்ளையில பள்ளிக்கூட வாசப்படியில விரலை இடிச்சுக்கிடுவோம்லா, இடிச்ச அந்த நேரம் இருக்கே, அது அப்படியே நிக்கு. அடுத்த நேரம் வரவே மாட்டேங்கு."

இல்லாத காலுக்கு எந்தக் கம்பெனியும் மருந்து செய்வதில்லை. தெரிந்த மாத்திரையையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழி தோன்றாமல், டாக்டர் அதைக் கதையாக எழுதினார். வில்லாயுதத்துக்கு வலி போய்விட்டது. பிறகு ஒருநாள் பத்திரிகை வந்தது. டீக்கடை லட்சுமணப்பெருமாள், தன் ஊர்க்காரன் பெயரை அச்சில் பார்த்த ஆசையில், பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தக் கதையை வாசித்தார். வாசிக்க ஆரம்பித்ததும் அவருடைய வலது பெருவிரல் சுரீர் என்றது. குனிந்து பார்த்தார், எறும்புகூட இல்லை. கதை முடிகிறவரைக்கும் விண் விண் என்று தெறித்த விரல் கதை முடிந்ததும் சும்மா இருந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அவர் பத்திரிகையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, "இதை வாசிச்சுட்டு உமக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லும் பாப்போம்" என்றார். அவரும் வாசித்தார், பெருவிரலைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வில்லாயுதத்தின் வலியை டாக்டர் கதைக்குள் இறக்கிவிட்டார், கதையிலிருந்து அதை நாம் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறோம், நிறையப் பேர் வாங்கிக்கொண்டதால் அவனுக்கு மிச்சமில்லை. இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. துட்டிக்குப் போனால் ஆளுக்குக் கொஞ்சம் அழுதுவிட்டு வருகிறோம், கல்யாணத்துக்குப் போனால் மொய் வைக்கிறோம், அதுபோல இதுவும் ஒன்று. வலி எப்போது போனது, புத்தகம் எப்போது வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நல்லது நடந்த வீட்டில் நாள் நட்சத்திரம் விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு உப்பூரணி வாசிக்கிற ஊராகிவிட்டது. சினிமா நோட்டீஸைத் தவிர வேறெதையும் வாசித்திராத ஊருக்கு இத்தனை பிரதிகள் எதற்கு என்று ஆசிரியர் பயந்துபோய் ஆள் அனுப்பி விசாரித்தார். வாசிப்பதற்கு முறைகள் உண்டாயின. கதையை உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், ஏணியில் நின்றுகொண்டோ சைக்கிளை ஓட்டிக்கொண்டோ வாசிக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளும் பல் விழாத பிள்ளைகளும் வாசிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் கூடாது, வாசித்து முடித்ததும் ஒரு துண்டு கருப்பட்டி கடித்துக்கொள்ள வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிற கொஞ்சப் பேர், வலியை இன்னும் சல்லிசாக்கலாம் என்று கணக்குப் போட்டு, கதையை ஆளுக்கொரு தாளாகக் கிழித்துப் பகிர்ந்துகொண்டார்கள். அதில் யாருக்கும் ஒன்றும் வலிக்கவில்லை, கதையும் ஒருத்தருக்கும் புரியவில்லை, கடைசித் தாளை வாங்கியவன் மட்டும் யார் செத்தது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டு திரிந்தான். பள்ளிக்கூடத்துப் புலவர் சிவசுப்பு, டாக்டரால் முடிந்தால் தன்னால் முடியாதா என்று, தன்னுடைய பல்வலியைத் தாமே விருத்தத்தில் பாடினார். அதில் முத்துப் பல்லும் பவள ஈறும் வந்தன, வலி மட்டும் வரவில்லை. பல்லைக் கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சந்தணமாரியின் கதையை அப்படிச் சொல்ல முடியாது.

அவளுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை, கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. டாக்டர் வழக்கம்போலக் கேட்டபோது, ஊரெல்லாம் பேசுகிற சந்தணமாரி முந்தானையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "ஆள் வராத வீட்டுக்குச் சோறாக்கி வச்சுக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு டாக்டரே, ஆறவும் மாட்டேங்கு, கொட்டவும் மனசில்ல" என்றாள். மருந்து நோயைப் பார்த்துக்கொண்டது, கதை வலியைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கதை அச்சாகி வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து வாசித்த மீசைக்கார ஆம்பிளைகள் நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, எழுந்து போகும்போது சிலர் துண்டை எடுத்துச் சட்டைக்கு முன்னால் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு உப்பூரணியில் எந்த வீட்டிலும் பெண்டாட்டியை யாரும் அதட்டவில்லை. எங்களுக்கு எங்களைப் பற்றிப் பெருமையாக இருந்தது. ஊரோடு சேர்ந்து ஒருத்தியின் பாரத்தை இறக்கிவைத்தோம் என்று நினைத்தோம். பத்திரிகையைக் கையால் தொடாதவள் பரிபூரணம் ஒருத்திதான். வீட்டுக்கு வரும் இதழை உறை பிரிக்காமலே ஆஸ்பத்திரிப் பெஞ்சில் போட்டுவிடுவாள். "தாலி கட்டினவரு எழுதினதையே தொடமாட்டாவ, அவிய உடம்பு நோகக் கூடாதுல்லா" என்று சந்தணமாரி சொன்னாள், நாங்கள் ஆமாம் போட்டோம்.

அப்புறம் பரிபூரணத்துக்கு நோய் வந்தது.

இடது இடுப்பெலும்பில் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டிக்கொண்டு வந்த விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட்டால் நினைவில்லாமல் கிடப்பாள், விழித்தால் வலியில் துடிப்பாள், விழிக்கவும் வேண்டும் வலிக்கவும் கூடாது என்றால் அதற்கு மருந்தில்லை. நோயைப் பற்றி டாக்டர் பொய்யான நம்பிக்கை வைத்துக்கொள்ளவில்லை, எத்தனையோ வீடுகளில் பக்குவமாகச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம், இருக்கிற நாளை அவள் வலியில்லாமல், நினைவோடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கழிக்க வேண்டும் என்பதுதான். அதற்கு வழி அவர் கையிலேயே இருந்தது. ஆனால் ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், கண்ணாடியைத் துடைப்பார், எழுந்து போய்விடுவார். கடைசியில் அவளே, "என்னங்க, எல்லாரையும் கேக்கிய, என்னைக் கேக்க மாட்டியளா?" என்றாள். கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, வெகுநாளாகப் பெஞ்சில் காத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

"வீட்டுக்கு ஒரு ஆள் வந்து உக்காந்திருக்கு. பேசாது, காப்பி குடுத்தா குடிக்காது, எந்திரிச்சும் போகாது. அது இருக்குங்கிறதுக்காக நானும் படுக்க முடியாம இருக்கேன். அப்படி இருக்கு."

டாக்டர் எழுதினார். அதுவரை எழுதியதிலெல்லாம் அதுதான் நல்ல கதை என்று ஆசிரியரே எழுதியிருந்தார். பரிபூரணம் படுக்கையில் சாய்ந்தபடியே, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். இதழ் வந்தது. நாங்கள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கருப்பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தோம், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினோம், உப்பு அம்பாரங்களின் நிழலில் உட்கார்ந்து வாசித்தோம், ரயில் கேட்டில் வண்டியோடு நின்றவர்களையும் இறக்கி வாசிக்க வைத்தோம். இடது இடுப்பில் கொஞ்சம் வலித்தது. ஆனால் பரிபூரணத்துக்கு வலி போகவில்லை. அடுத்த நாளும் வாசித்தோம். அதற்கடுத்த நாளும் வாசித்தோம். கூப்பிடாத ஆள் எழுந்து போகவே இல்லை.

இது எங்களுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. கல் தேங்காய் போலிருந்த ஊர் இது, இதை இளக்கினவர் அவர், அவர் வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது நாங்கள் பிரயோஜனப்படவில்லை. ஒரு மத்தியானம் ஊரே போய்ப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றது. டாக்டர் வெளியே வந்தார். சவரம் செய்யாத முகத்தோடு அவரைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. "நாங்க சரியா வாசிக்கலையா டாக்டரே?" என்று லட்சுமணப்பெருமாள் கேட்டார். "நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க. நான்தான் சரியா எழுதலை" என்றார் டாக்டர்.

அப்போது வில்லாயுதம் கட்டையை ஊன்றி முன்னால் வந்தான். "டாக்டரே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எனக்கு வலி போனது புத்தகம் வந்தப்புறம் இல்ல. அதுக்கு எவ்வளவோ முன்னாடியே போயிட்டு. ஒரு வியாழக்கிழம மத்தியானம் இதே பெஞ்சுல உக்காந்திருந்தேன், ஆஸ்பத்திரி பூட்டியிருந்துது, சட்டுனு நின்னுட்டு." அவன் சொன்னதும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். எனக்கும் வியாழக்கிழமைதான் என்றார் ஒருவர். எங்க மச்சானுக்கும் அன்னைக்குத்தான் என்றார் இன்னொருவர். அத்தனை பேருக்கும் வியாழக்கிழமை, அத்தனை பேருக்கும் மத்தியானம், அத்தனை பேருக்கும் புத்தகம் வருவதற்கு முன்னால். அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் வாசித்து எதைத்தான் வாங்கிக்கொண்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சோறு வடித்து எடுத்துக்கொண்டு போன பானையின் ஆவிதான் எங்கள்மேல் பட்டிருக்கிறது.

சந்தணமாரிதான் அதைச் சொன்னாள், சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வியாழக்கிழமை மத்தியானந்தான் அந்தம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிடும்."

டாக்டர் திரும்பி வீட்டுக்குள் போனார். நாங்கள் போயிருக்கக் கூடாது, ஆனால் போனோம், பின்பாதி ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

"பரிபூரணம், பிரதி எடுக்கையில உனக்கு என்ன செய்யும்?"

"என்ன செய்யும். கை வலிக்கும்."

"வில்லாயுதம் கதையை எடுக்கையில?"

"பெருவிரல்ல வலிச்சுது. பொழுதடையிற மட்டும் வலிச்சுது. நீங்க சைக்கிள்ல வந்து மணி அடிக்கையில சரியாயிட்டு."

"எல்லாக் கதையும் அப்படித்தானா?"

"வாசிக்கிறவங்க கண்ணு வழுக்கிக்கிட்டு ஓடிரும். கையால எழுதுனா ஒரு எழுத்தைத் தாண்ட முடியாதுல்லா. எல்லாத்துலயும் நின்னு நின்னுதானே போகணும்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா எழுதியிருப்பியளா?"

எழுதுகிறபோது டாக்டருக்கு எந்த வலியும் வந்ததில்லை, எழுதுகிறவருக்குச் சொல்லின் மேலேயே கவனம், வலி அவரைத் தொடாமல் தாண்டிப் போய் அடுத்த ஆளிடம் உட்கார்ந்துவிடும். அந்த அடுத்த ஆள் இத்தனை காலம் அதே வீட்டில் இருந்திருக்கிறாள். தன்னுடைய கதையை மட்டும் அவள் எத்தனை முறை பிரதி எடுத்தாலும் பிரயோஜனமில்லை, தன் வலியைத் தானே வாங்கிக்கொண்டால் அது எங்கே போகும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தணமாரி கேட்டாள். "அம்மா, எம் பால்கட்டு?"

"அதுவும்தான் சந்தணம்" என்றாள் பரிபூரணம். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. அன்னைக்கு ஒருநாள்தான் எனக்கும் ஊறுச்சு. வலிதான், ஆனா கதவைத் திறக்க மனசு வரலை" என்றாள்.

சந்தணமாரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எங்களில் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாக ஏதோ இருந்தது, அதற்கு உவமை தேட அன்றைக்கு எங்களால் முடியவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிரதியை நான் எடுக்கிறேன் என்றார் லட்சுமணப்பெருமாள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்றார் புலவர். உப்பளத்து வேலை முடிந்து வந்தால் சும்மாதானே, எங்கள் வீட்டில் நாலு பேர் எழுதுவார்கள் என்றான் ஒருவன். எழுதத் தெரியாத சந்தணமாரி, எழுத்து ஒவ்வொன்றையும் யாராவது மணலில் போட்டுக் காட்டினால் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவேன் என்று அழுதுகொண்டே சொன்னாள், சொன்னபடி பின்னால் செய்யவும் செய்தாள். நாங்கள் எல்லோருமே பின்னால் எழுதினோம். உப்பு அறுத்த விரல்களால் முறை வைத்து எழுதினோம், அந்தக் கூப்பிடாத ஆள் மறுபடியும் வாசலுக்கு வந்து நிற்கும்போதெல்லாம் அடுத்த முறைக்காரர் பேனாவை எடுத்தார், ஐப்பசி மழையில் உப்புப் பாத்திகளெல்லாம் மூழ்குகிற வரைக்கும் பரிபூரணம் வலியில்லாமல், நினைவோடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள், அப்படி இருந்தபடியே போனாள். அது நடந்த கதை, அதை மாற்றிச் சொல்ல எங்களால் முடியாது. நாங்கள் சொல்ல வந்தது முதல் பிரதி எடுத்த அந்த மத்தியானத்தை.

"முதல் பிரதி என்னோடது" என்றார் டாக்டர்.

"உங்க எழுத்தை யாரு வாசிக்கிறது?" என்றாள் பரிபூரணம்.

"யாரும் வாசிக்க வேண்டாம்."

மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகையைப் பிரித்து வைத்து, வெள்ளைத் தாளில் அவர் எழுத ஆரம்பித்தார். வேகமாக எழுதிப் பழகின கை. முதல் வரியிலேயே எழுத்துகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அதை அடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் போல, ஒவ்வொரு எழுத்தாக, சுழியைச் சுழித்து, கொம்பைக் கொம்பாகவே போட்டு எழுதினார். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்ற இடத்துக்கு வந்தபோது அவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்ததை நாங்கள் பார்த்தோம். அவர் முகம் மாறிற்று. எழுதினவர் அவர்தான், ஒவ்வொரு சொல்லும் அவர் தேர்ந்து வைத்ததுதான், ஆனால் அவள் தன்னிடம் எவ்வளவு குறைத்துச் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டிலில் இருந்து பரிபூரணம் நீளமாக மூச்சு விட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தலையணையைத் தானே சரிசெய்துகொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றார் டாக்டர்.

"அது எனக்குப் போதாது."

"ரொம்ப வலிக்குது, பரிபூரணம்."

"அதுவும் போதாது டாக்டரே. எதைப் போல?"

அவர் பேனாவை நிறுத்தினார். அவளுடைய உவமை முன்னால் அச்சில் இருந்தது, ஆனால் இரவல் உவமை செல்லாது என்று ஊருக்கே சட்டம் போட்டவர் அவர். ஊரில் உள்ள அத்தனை பேரும் உட்கார்ந்து யோசித்த அந்தப் பெஞ்சில் இப்போதுதான் தானும் வந்து உட்கார்ந்தவர் போல, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தபடி, ஆனால் எங்களைப் பார்க்காமல், ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் அவருக்கு ஒன்று கிடைத்தது, கிடைத்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சொல்வதற்காகத் திரும்பினார்.

பரிபூரணம் இடது பக்கமாகப் புரண்டு படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் கிடைத்த உவமை எது என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. பேனா கீறுகிற சத்தத்தில் விழித்துவிடப் போகிறாளே என்று, தாளுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வரியை மெதுவாக எழுதினார்.